14 வருடம் கழித்து வில்லை எடுக்கிறவருக்கு எந்த வில் சரி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். இருபதுகளில் ஏழெட்டு வருடம் காம்பவுண்ட் வில்லில் (முனைகளில் சக்கரம் வைத்த வில்) அம்பு விட்டிருக்கிறீர்கள், அப்போது இழுவிசை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசை, 65 பவுண்டு. அப்புறம் 14 வருடம் தொடவே இல்லை. இப்போது வயது 43, வலது தோளில் பழைய பிடிப்பு ஒன்று இருக்கிறது. அடுத்த பருவத்தில் உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போக ஆசை. பரணில் கிடக்கும் பழைய வில்லைச் சரி செய்வதா, புதிதாக 70 பவுண்டில் ஒன்று வாங்குவதா, இல்லை நண்பர்கள் சொல்வதைக் கேட்டு, சக்கரமில்லாத, முனை வளைந்த ரிகர்வ் வில்லுக்கு மாறுவதா? கேள்வி வில்லைப் பற்றியதாக இருந்தாலும், நீங்கள் எழுதியதைப் படித்தால் உங்கள் மனதில் இருக்கும் சந்தேகம் வில்லைப் பற்றியது அல்ல என்று தோன்றுகிறது. அன்றைக்கு 65 பவுண்டு இழுத்த ஆள் இன்னும் உள்ளே இருக்கிறானா என்றுதான் கேட்கிறீர்கள். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் வில்லைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரி.

நான் 20 வருடத்துக்கும் மேலாக வில் ட்யூன் செய்வது, நாண் கட்டுவது, புதியவர்களுக்குக் கற்றுக் கொடுப்பது என்று இதிலேயே இருப்பவன். நடுவில் நானும் ஒன்பது வருடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். வந்த வேகத்தில் செய்த முதல் காரியம், பழைய கணக்கிலேயே 70 பவுண்டு வில் ஒன்றை வாங்கியது. கடையில் நான்கு தடவை இழுத்துப் பார்த்தேன், வந்தது. கடைக்காரரும் தடுக்கவில்லை. மூன்றாவது வாரம் தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை. அந்தப் பருவம் முழுக்க வில் சுவரில் தொங்கியது, நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் இனி எழுதுவதில் கொஞ்சம் சொந்த வலியும் கலந்திருக்கும்.

முதலில் இழுவிசை. திரும்பி வருகிறவர்களிடம் ஒரு பொதுவான ஏமாற்றம் உண்டு. எப்படி நிற்பது, எங்கே பிடிப்பது என்ற நினைவு உடம்பை விட்டுப் போவதில்லை. முதல் நாளே அம்புகள் ஓரளவு ஒன்றாகப் போய் விழும். உடனே 'எதுவும் மறக்கவில்லை' என்று ஒரு மிதப்பு வரும். மறக்காதது மூளைதான். தோள்பட்டை எலும்பைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் சின்னச் சின்னத் தசைகளும் தோள் மூட்டைச் சுற்றிய தசைநார்களும் 14 வருடமாக அந்த வேலையைச் செய்யவே இல்லை. தசை சில வாரங்களில் தேறிவிடும், தசைநார் தேற மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் ஆட்கள் அடிபடுகிறார்கள். உங்கள் தோளில் ஏற்கெனவே ஒரு கதை இருப்பதால், வில் வாங்குவதற்கு முன் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அந்த இடத்தில் என் அனுபவம் செல்லாது, அவருடைய படிப்புதான் செல்லும்.

எவ்வளவு பவுண்டு உங்களுக்கு ஆகும் என்று பார்க்க நான் எல்லாருக்கும் வைக்கும் சோதனை ஒன்று. முதுகு சாய்க்க இடமில்லாத ஸ்டூலில் உட்காருங்கள். அம்பைப் பூட்டி, இலக்கை நேராகப் பார்த்து வில்லை நீட்டுங்கள். இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்குங்கள். இப்போது நேர்க்கோட்டில், மெதுவாக இழுங்கள். வில் வானத்தைப் பார்த்து எழும்பினால், அல்லது இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால்தான் நாண் பின்னால் வருகிறது என்றால், அந்த எடை உங்களுக்கு இல்லை. வந்துவிட்டதா? சரி, 30 வினாடி பிடியுங்கள். பிடித்த பிறகு அம்பை விடாதீர்கள், நாணை மெதுவாகப் பழைய இடத்துக்குக் கொண்டு போங்கள். பெரும்பாலானவர்கள் தோற்பது இந்தக் கடைசிப் படியில்தான். முழுவதும் இழுத்துவிட்டு, மான் திரும்பி நின்றதால் விட முடியாமல், அசையாமல் நாணைத் திரும்பக் கொண்டு போக வேண்டிய நேரம் வேட்டையில் நிச்சயம் வரும். அதுவும் குளிரில், இரண்டு மணி நேரம் கல்லாக உட்கார்ந்து மரத்துப்போன உடம்போடு, தடித்த சட்டை போட்டுக்கொண்டு. மைதானத்தில் சூடு ஏறிய உடம்பில் 60 இழுக்கிறவருக்கு அங்கே 52 கூடக் கனக்கும்.

50 பவுண்டு போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மானுக்குப் போதும், தயங்காமல் சொல்வேன். இதற்குக் கணக்கு இருக்கிறது. அம்பின் எடையை கிரெயினில் (அம்பை நிறுக்கும் சிறு எடை அலகு) எடுத்து, அதை வினாடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450240ஆல் வகுத்தால் அதன் இயக்க ஆற்றல் அடி-பவுண்டில் வரும். 28 அங்குல இழுநீளத்தில் (முழுவதும் இழுத்தபோது கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே வரும் நீளம்) 50 பவுண்டு இழுக்கும் இன்றைய சாதாரண காம்பவுண்ட் வில், 400 கிரெயின் அம்பை வினாடிக்கு 240 அடி வாக்கில் அனுப்பும். கணக்குப் போட்டால் 51 அடி-பவுண்டு. அம்பு தயாரிப்பாளர்கள் தரும் அட்டவணைகளில் மான் அளவு விலங்குக்கு வழக்கமாகப் போட்டிருப்பது 25 முதல் 41 வரை. அந்த அட்டவணையை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆற்றலைவிட முனையின் கூர்மையும் அம்பு வளையாமல் நேராகப் போய் இறங்குவதும்தான் ஊடுருவலைத் தீர்மானிக்கின்றன. ஆனாலும் 70 இல்லாமல் வேலை நடக்காது என்பது வெறும் மீசை முறுக்கல் என்பதை இந்த எண் காட்டிவிடும்.

வில்லும் மாறியிருக்கிறது. காம்பவுண்ட் வில்லுக்கு மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1969 கடைசியில் கிடைத்தது. அந்தத் தலைமுறை வில்களில் முழுவதும் இழுத்த பிறகு கையில் நிற்கும் கனம் பாதியளவு குறையும். இன்று 80, 85 சதவீதம் குறைவது சாதாரணம். இதைத்தான் லெட்-ஆஃப் என்கிறோம். 60 பவுண்டு வில்லில் 80 சதவீதம் போனால் கையில் நிற்பது 12 பவுண்டு. மான் மரத்துக்குப் பின்னால் நின்று யோசிக்கும் அரை நிமிடத்துக்கு இது பெரிய வரம். ஆனால் இந்த 12 பவுண்டைப் பார்த்து மயங்கக் கூடாது, ஏனென்றால் அந்த 12க்குப் போகும் வழியில் 60ஐத் தாண்டித்தான் போக வேண்டும். வேகத்துக்காகச் செய்த கேம் (முனைச் சக்கரம்) உள்ள வில்களில் இழுக்க ஆரம்பித்த இரண்டு மூன்று அங்குலத்திலேயே முழு எடையும் வந்துவிடும், கடைசி வரை குறையாது, அப்புறம் பள்ளத்தில் விழுவதுபோலச் சட்டென்று விழும். மென்மையான கேம் என்றால் ஏற்றம் படிப்படியாக இருக்கும். தராசில் இரண்டும் 60தான், தோளுக்கு இரண்டும் ஒன்றல்ல. விளம்பரத்தில் வேகம் பெரிதாகப் போட்டிருக்கும் வில்லை உங்கள் தோளோடு நான் வாங்க மாட்டேன்.

அந்த வேக எண்ணும் ஒரு தனிக் கதை. பெட்டியில் வினாடிக்கு 340 அடி என்று போட்டிருந்தால், அது 70 பவுண்டு, 30 அங்குல இழுநீளம், 350 கிரெயின் அம்பு என்ற கணக்கில் எடுத்தது. உங்கள் இழுநீளம் 28 என்றால் அங்குலத்துக்குச் சுமார் 10 அடி குறையும். வேட்டை அம்பு இன்னும் கனமாக இருப்பதால் இன்னும் குறையும். பீப் (குறி பார்க்கும் துளை), டி-லூப் (நாணை இழுக்கப் பிடிக்கும் சிறு வளையம்) என்று நாணில் கட்டுவது ஒவ்வொன்றும் கொஞ்சம் தின்னும். வீட்டுக்கு வரும்போது 340 என்பது 260 ஆகியிருக்கும். அதில் தப்பில்லை. 30 மீட்டரில் நிற்கும் மானுக்கு 240 அடி வேக அம்பு போய்ச் சேர 0.41 வினாடி, 300 அடி வேக அம்பு என்றால் 0.33. நாண் விட்ட சத்தம் அங்கே போக 0.09 வினாடிதான். எந்த வில்லாக இருந்தாலும் சத்தம் முன்னால் போய்விடும், மான் திடுக்கிட்டுக் கீழே பதுங்கத் தொடங்கிவிடும். இந்த ஓட்டத்தில் சத்தத்தை ஜெயிக்க வழியில்லை. அதனால் வேகத்துக்குக் கொடுக்கும் காசை அமைதியான வில்லுக்குக் கொடுப்பதும், 30 மீட்டரை 20 ஆக்கிக்கொள்ளும் பொறுமையும்தான் பலன் தரும்.

இழுவிசையைவிட அதிகமாக ஆட்கள் தப்புச் செய்வது இழுநீளத்தில். என்னிடம் திரும்பி வருகிறவர்களின் பழைய வில்களை அளந்து பார்த்தால் பாதிக்கு மேல் அரை அங்குலமோ ஓர் அங்குலமோ நீளமாகத்தான் இருக்கும். அன்றைக்கு நீளமாக இருந்தால் வேகம் கூடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அதற்கு உடம்பு பழகியிருக்கும். இரண்டு கைகளையும் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நுனி வரை அளந்து, 2.5ஆல் வகுத்தால் தோராயமான இழுநீளம் வரும். 70 அங்குலம் என்றால் 28. இது தொடக்கம்தான், முடிவு அல்ல. இழுத்துப் பிடித்த நிலையில் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். உடம்பு பின்னால் சாய்ந்திருக்கிறதா, இழுக்கும் கையின் முட்டி அம்பின் கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் சுற்றிப் போகிறதா, நாண் வாயோரத்தைத் தாண்டிக் காதுப் பக்கம் போகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் நீளம் அதிகம். முன் கையின் உள்பக்கத்தில் நாண் அடித்துச் சிவந்தாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். உங்கள் பழைய தோள் பிடிப்புக்குக்கூட நீளமான வில் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இதை உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் பார்த்திருக்கிறேன். கேமிலேயே மாட்யூல் என்ற துண்டைத் திருப்பி இழுநீளத்தை மாற்றும் வில்லாக வாங்குங்கள், ஏனென்றால் மூன்று மாதத்தில் உங்கள் நிலை மாறும், நீளமும் கால் அங்குலம், அரை அங்குலம் நகரும்.

மற்ற அளவுகளைச் சட்டென்று முடித்துவிடலாம். மேலச்சிலிருந்து கீழச்சு வரையான நீளம் நீங்கள் விட்ட காலத்தைவிட இப்போது குறைந்திருக்கும், 28 அங்குலத்துக்கெல்லாம் வேட்டை வில் வருகிறது. ஒளிந்து உட்காரும் மறைவுக் கூண்டுக்குள்ளும் மரத்தின் மேலும் அது வசதி. ஆனால் வில் குட்டையானால் நாண் கூர்மையாக மடங்கும், மூக்கு நுனி நாணைத் தொட நீங்கள் தலையை முன்னால் கொண்டு போக வேண்டியிருக்கும். திரும்பி வருகிறவருக்கு 31 முதல் 33 வரை என்பது என் யோசனை. இழுக்காத நிலையில் கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி 6 அங்குலத்துக்குக் கீழே போகாமல் பாருங்கள், 6.5 அல்லது 7 இருந்தால் உங்கள் பிழைகளை வில் கொஞ்சம் மன்னிக்கும், தடித்த சட்டைக் கையிலும் நாண் உரசாது. எடையைப் பொறுத்தவரை வெறும் வில் 2 கிலோவுக்குள் இருக்கும், சைட் (குறி பார்க்கும் கருவி), குவிவர் (அம்புக் கூடு), ஸ்டெபிலைசர் (ஆட்டம் குறைக்கும் தண்டு) எல்லாம் மாட்டினால் 3ஐத் தொடும். அதை நீட்டிப் பிடிக்கப் போவது உங்கள் முன் தோள் என்பதை மறக்க வேண்டாம்.

இழுவிசையில் நான் சொல்வது 50-60 பவுண்டு என்ற லிம்ப் (வில்லின் வளையும் கை). லிம்பின் திருகைத் தளர்த்தினால் பொதுவாக உச்ச எடையிலிருந்து 10 பவுண்டு வரை இறக்கலாம். 50இல் தொடங்கி, தோள் ஒத்துழைத்தால் இரண்டு மாதத்துக்கு இரண்டிரண்டு பவுண்டாக ஏற்றலாம். 60-70 வாங்கினால் உங்கள் தொடக்கமே 60. இன்னொரு வழியும் உண்டு: இருபது சொச்சத்திலிருந்து 70 வரை போகும், அகலமான சரிசெய்தல் உள்ள வில்கள் இப்போது வருகின்றன. அதிவேகம் எதிர்பார்க்க முடியாது, கைக்கு இதமாக இருக்கும். 14 வருடம் கழித்து ஆசை நிலைக்குமா என்று உங்களுக்கே தெரியாத நிலையில் இதை மட்டமான தேர்வு என்று சொல்ல மாட்டேன்.

இப்போது ரிகர்வ். உங்கள் நண்பர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அந்த வில்லில் அம்பு விடுவதில் இருக்கும் சுகம் வேறெதிலும் இல்லை. ஆனால் அதில் லெட்-ஆஃப் கிடையாது, 45 பவுண்டு என்றால் கடைசி நொடி வரை 45ம் விரலில் நிற்கும். வில்லின் மேல் எழுதியிருக்கும் எண் 28 அங்குலத்தில் அளந்தது, நீங்கள் 26 வரைதான் இழுத்தால் அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டு குறைந்து 40 வாக்கில் நிற்கும். காம்பவுண்டில் ஆறு வாரத்தில் வரும் குறி, இதில் ஆறு மாதமானாலும் வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அடுத்த பருவத்துக்கு ரிகர்வ் வேண்டாம். ஆசை இருந்தால், லிம்பைக் கழற்றி மாற்றும் ஐ.எல்.எஃப் வகை ரைசர் (நடுவில் இருக்கும் கைப்பிடிப் பகுதி) ஒன்றை வாங்கி, 30 பவுண்டு லிம்போடு வீட்டுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோள் தசையைத் தேற்ற அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தேறியபின் லிம்பை மட்டும் மாற்றினால் போதும். துப்பாக்கிபோல விசையை அழுத்தி விடும் கிராஸ்போவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, தோள் ஒத்துவராது என்று மருத்துவம் சொன்னால் மட்டும் அதை யோசிக்கலாம். சில இடங்களில் வில் பருவத்தில் அதற்கு அனுமதி கிடையாது.

பரணில் இருக்கும் பழைய வில்லுக்கு வருவோம். இறக்கியதும் ஆசைக்கு ஒரு இழு இழுத்துப் பார்க்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பரணின் சூட்டில் 14 வருடம் இறுக்கமாகவே நின்ற நாண் அது. பழக்க தோஷத்தில் அம்பில்லாமல் நாணை விட்டுவிட்டால், அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பும், லிம்ப் வெடித்துச் சிதறலாம். முதலில் நல்ல வெளிச்சத்தில் வைத்து, ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து லிம்பின் இரண்டு ஓரங்களிலும் மேலிருந்து கீழாக மெல்லத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். போன வருடம் ஒருவர் கொண்டு வந்த வில் பார்வைக்குப் புத்தம் புதிது. கீழ் லிம்பில், அச்சு பொருந்தும் இடத்துக்கு இரண்டு விரற்கடை மேலே, பஞ்சு நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தால் ஒரு மயிரிழை வெள்ளை நூல் ஓரத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் தடவினாலும் தெரியாத சிராய், கண்ணாடி இழை கிழியத் தொடங்கியிருக்கிறது. அந்த வில்லை அன்றோடு சுவரில் மாட்டச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான், முகத்தில் லிம்ப் துண்டு பாய்வதைவிட வருத்தம் பரவாயில்லை.

பஞ்சு எங்கும் மாட்டவில்லை என்றால் அடுத்து கேமின் விளிம்பில் நெளிவோ வெட்டோ இருக்கிறதா, அச்சின் இரு முனையிலும் உள்ள சின்னக் கிளிப்புகள் இருக்கின்றனவா, லிம்ப் உட்காரும் குழியில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். நாணும் கேபிளும் எப்படி இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். ஒழுங்காகப் பயன்படுத்தும் வில்லிலேயே இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறோம். அதை வில் பிரஸ் (லிம்பை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) வைத்திருப்பவரிடம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும், வீட்டில் இழுத்துக் கட்ட முயற்சிக்க வேண்டாம். மாற்றிய பிறகு அவரிடமே தராசில் மாட்டி உண்மையான எடையையும் இழுநீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். இழுநீளம் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால், அந்தக் கால கேமுக்கு மாட்யூல் தேடி அலைய வேண்டியிருக்கும், பல சமயம் கிடைக்காது. பழைய வில் வேண்டாம் என்று நான் சொல்லும் முக்கியக் காரணம் அதன் வயது அல்ல, இந்தப் பொருத்தம்தான்.

அம்புகளில் கருணையே வேண்டாம். பழைய கார்பன் அம்பை இரண்டு கையிலும் பிடித்துக் காதருகே வைத்து, லேசாக வளைத்துக்கொண்டே உருட்டுங்கள். நொறுநொறுவென்று ஒரு சத்தம் கேட்டால் உடைத்துப் போடுங்கள். அதை விட்டால் வில்லிலேயே பிளந்து, சிராய் நேராகப் பிடித்திருக்கும் கையில் ஏறும். நன்றாக இருப்பவற்றிலும் பின்முனையில் நாணில் மாட்டும் 'நாக்' என்ற பிளாஸ்டிக் துண்டை எல்லாவற்றிலும் மாற்றுங்கள். பழைய நாக் விடும் நேரத்தில் உடைந்தால், அம்பில்லாமல் நாணை விட்டதற்குச் சமம். எல்லாம் தேறினாலும் அவை உங்கள் புதிய வில்லுக்குச் சேராமல் போகலாம். அம்பின் மேல் 340, 400, 500 என்று இருப்பது அதன் விறைப்பு: 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 1.94 பவுண்டு தொங்கவிட்டால் எத்தனை அங்குலம் தொய்கிறது என்பதை ஆயிரத்தில் சொல்வது. 400 என்றால் 0.4 அங்குலம். 65 பவுண்டுக்கு வாங்கிய 340, 50 பவுண்டுக்கு விறைப்பு அதிகம், பிராட்ஹெட் (அலகுள்ள வேட்டை முனை) மாட்டியதும் பக்கவாட்டில் விலகும்.

பலர் எதிர்பார்க்காத ஒன்று கண். 29 வயதில் சைட்டின் முள்ளும் மானும் ஒன்றாகத் தெளிவாகத் தெரிந்திருக்கும். 40ஐத் தாண்டினால் கை தூரத்தில் இருப்பது மங்க ஆரம்பிக்கும், சைட்டின் முட்கள் ஐந்தும் ஒன்றோடொன்று கலந்து பச்சை மத்தாப்பு மாதிரி தெரியும். நானே இதை வில்லின் கோளாறு என்று நினைத்து இரண்டு சைட் மாற்றியிருக்கிறேன். பீப்பின் துளையைச் சிறிதாக்கினால் முள் தெளியும், ஆனால் மாலை மங்கும் நேரத்தில் இருட்டடிக்கும். அதனால் எனக்கு ஒத்து வந்தது ஒற்றை முள் சைட், நடுத்தரத் துளை. கண்ணாடி போடுகிறவர் என்றால் அதைப் போட்டுக்கொண்டே கடையில் இழுத்துப் பாருங்கள். எந்தக் கண் ஆதிக்கக் கண் என்பதையும் புதிதாகச் சோதியுங்கள். தூரத்தில் ஒரு புள்ளியை இரண்டு கண்ணும் திறந்து விரலால் காட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடினால் தெரிந்துவிடும்.

விவாதத்துக்குரியவையும் சில இருக்கின்றன, அவற்றை நிச்சயம்போலச் சொல்ல விரும்பவில்லை. விரியும் பிராட்ஹெட்டா, நிலையான அலகா என்று வில்லாளிகள் வருடக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். இரண்டிலும் மான் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். விரியும் வகை விரிவதற்கே கொஞ்சம் ஆற்றலைச் செலவிடும் என்பதால், 50 பவுண்டில் நான் நிலையான அலகைத்தான் மாட்டுவேன். கனமான அம்பா, லேசான அம்பா என்பதிலும் அப்படியே. நடுவில் 400 முதல் 450 கிரெயின் என்பது எனக்குப் பழகிய இடம், அவ்வளவுதான். காட்டெருமை, பெரிய கரடி மாதிரி விலங்குகளை நான் வேட்டையாடியதில்லை, அவற்றுக்கு இந்த எண்களைப் பயன்படுத்த வேண்டாம்.

சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் 14 வருடத்தில் மாறியிருக்கலாம் என்பதால் ஒரு வரி. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் குறைந்தபட்ச இழுவிசையும் அலகின் அகலமும் மாறும். பிரிட்டனில் வில்லால் வேட்டையாடுவதே கூடாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆயுதம் எதுவானாலும் மான் வேட்டை குற்றம். உங்கள் பகுதியின் இந்த வருட விதிப் புத்தகத்தைப் படித்த பிறகே லிம்பின் எடையை முடிவு செய்யுங்கள். உங்களுக்கு 42 பவுண்டுதான் ஒத்து வருகிறது, விதி 45 கேட்கிறது என்றால் அது முன்பே தெரிய வேண்டும்.

வரிசை என்று கேட்டால் நான் இப்படிப் போவேன். இந்த மாதம் தோளைக் காட்டுவது, இழுநீளம் அளப்பது, பழைய வில்லில் பஞ்சு ஓட்டுவது. காசு இன்னும் வெளியே எடுக்க வேண்டாம். யாரிடமாவது லேசான வில் ஒன்றை இரவல் வாங்கி, 5 மீட்டரில், வெறும் வைக்கோல் மூட்டையை நோக்கி, கண்ணை மூடிக்கொண்டு நாளுக்கு 20, 30 அம்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். இலக்கு இல்லாமல் விடுவது அலுப்பாக இருக்கும், ஆனால் பழைய கெட்ட பழக்கங்கள் அங்கேதான் உதிரும். ஆறு வாரம் கழித்து ஸ்டூல் சோதனையை மறுபடி செய்து, அப்போது கடைக்குப் போங்கள். கடையில் மூன்று வில்லாவது இழுத்துப் பார்க்காமல் ஒன்றும் வாங்காதீர்கள், அதுவும் ஒவ்வொன்றிலும் பத்துத் தடவையாவது. நான்கு தடவையில் ஏமாந்தவன் சொல்கிறேன்.

புதிய வில் கைக்குப் பழகிய பிறகு, உங்கள் வேட்டைத் தூரத்தை இப்படி முடிவு செய்யுங்கள். காலையில் எழுந்ததும், உடம்பு சூடாகும் முன், பிராட்ஹெட் மாட்டிய ஒரே ஓர் அம்பு. இரண்டாவது கிடையாது. 20 செ.மீ. வட்டத்துக்குள் விழுந்ததா என்று குறித்து வையுங்கள், மானின் உயிர்நிலை ஏறக்குறைய அவ்வளவுதான். எந்தத் தூரத்தில் பத்து நாளும் பத்தும் உள்ளே விழுகிறதோ அதுதான் உங்கள் தூரம். முதல் வருடம் அது 18 மீட்டராக இருந்தால் 18தான். பழைய வில்லில் 40இல் அடித்தேன் என்ற நினைவு அங்கே குறுக்கே வரும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பஞ்சு மாட்டாத பழைய வில் உங்களிடம் இருந்து, இழுநீளமும் அதிர்ஷ்டவசமாகப் பொருந்திவிட்டால், புது நாண் போட்டு, திருகைத் தளர்த்தி 55இல் நிறுத்தி இந்தப் பத்து நாளையும் அதிலேயே ஓட்டிப் பாருங்கள். பத்தும் உள்ளே விழுந்தால் இந்த வருடம் வில் வாங்கும் காசில் நல்ல அம்பு ஒரு டஜன் வாங்கிக்கொள்ளலாம்.